இருபத்தாறாம் தேதி புறப்படுங்கள்



அக்டோபர் மாதத்தின் பிற்பகுதி வந்துவிட்டால் நம் சபை வாலிபர்களின் பேச்சில் இரண்டு காரியங்கள் கலந்து ஒலிக்கத் தொடங்குகின்றன. ஒன்று, கீத பவனிக்கான பாடல் ஒத்திகை. மற்றொன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்களோடு எந்த நகரத்துக்குப் போவது என்ற ஆலோசனை. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே டிசம்பர் 24 அன்று பயணம் செய்ய விரும்புகிறவர் அக்டோபர் 25 காலையிலேயே கைப்பேசியோடு உட்கார்ந்தாக வேண்டும். இதைப் பற்றி டிசம்பர் மாதப் பிரசங்கத்தில் பேசிப் பயனில்லை. அதற்குள் சீட்டு எடுத்தாகிவிடும், அறைக்கு முன்பணமும் கட்டியாகிவிடும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. இருபத்துநான்காம் தேதி பிற்பகல் சேலம் போய், அங்கிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாக பெங்களூரு. இரவில் சர்ச் தெரு, பிரிகேட் சாலை, கமர்ஷியல் தெரு. மின்விளக்குத் தோரணங்கள், உயரமான கிறிஸ்துமஸ் மரங்கள், புகைப்படங்கள். மறுநாள் ஒரு வணிக வளாகம், ஒரு திரைப்படம். சிலர் சென்னை என்கிறார்கள், சிலர் புதுச்சேரி என்கிறார்கள். ஊர் மாறுகிறது, நாள் மட்டும் மாறுவதில்லை. இருபத்துநான்கு மாலை முதல் இருபத்தைந்து இரவு வரை அவர்கள் நாமகிரிப்பேட்டையில் இருக்கப்போவதில்லை.

“பண்டிகையும் அதுவுமா ஊர்ல என்னங்க ஐயா இருக்குது?” என்று சென்ற ஆண்டு ஒரு தம்பி கேட்டான். அந்தக் கேள்வியில் குறும்பு இல்லை; உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். அதற்கு ஆற அமரப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

உல்லாசப் பயணமே உலகப்பற்று என்று சொல்லும் போதனையை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் உபாகமம் 14ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். இஸ்ரவேலர் தங்கள் விளைச்சலில் ஒரு பத்திலொரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, ஆண்டவர் தெரிந்துகொண்ட நகரத்துக்குக் குடும்பத்தோடு போய், அங்கே உண்டு மகிழ வேண்டும் என்பது அங்கே காணப்படும் கட்டளை. வழி தொலைவானால் தானியத்தையும் ஆட்டையும் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை. விற்றுக் காசாக்கி, காசை முடிந்துகொண்டு போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம் என்று பயணிகளின் சிரமத்தை அறிந்து விதி தளர்த்தப்படுகிறது. நகரப் பயணத்துக்கு நிதி ஒதுக்கும் வழியைக் கற்றுக்கொடுத்ததே திருச்சட்டம்! சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகணப் பாடல்கள், பண்டிகைக்காக எருசலேமுக்கு ஏறிப்போன கூட்டங்களோடு சேர்த்து நினைக்கப்படுகிற பாடல்கள். நம் ஆண்டவரும் அப்படிப்பட்ட கூட்டத்தில் நடந்து போனவரே.

(அந்த அதிகாரத்தில் வாங்கத் தக்க பொருள்களின் பட்டியலில் திராட்சரசமும் மதுபானமும் இருக்கின்றனவே என்று வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் தவறாமல் சுட்டிக்காட்டுவார். இருக்கின்றன. வேதத்தை அந்த அளவுக்கு நுணுக்கமாக வாசிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே வசனத்தில் அது ஆண்டவருடைய சந்நிதியில், வீட்டார் எல்லோரோடும் உண்ணும் விருந்து என்றும் இருக்கிறது. அம்மாவையும் அப்பாவையும் அருகில் உட்காரவைத்துக்கொண்டு செய்ய முடிந்ததை மட்டும் செய்யுங்கள்.)

ஆனால் அந்தச் சட்டம் பயணச் செலவோடு நின்றுவிடவில்லை. நிலத்தில் பங்கில்லாத லேவியனைக் கைவிடக் கூடாது என்று உடனே சொல்கிறது. 16ஆம் அதிகாரம் பண்டிகையில் யார் யார் மகிழ வேண்டும் என்று பெயர் கூப்பிடுவது போல வரிசைப்படுத்துகிறது: மகன், மகள், வேலைக்காரர், லேவியன், வெளியூரிலிருந்து வந்து தங்கியவன், தகப்பனில்லாத பிள்ளை, கணவனை இழந்தவள். இன்னொன்றும் உண்டு. மூன்றாம் ஆண்டில் அந்தப் பத்திலொரு பங்கு நகரத்துக்குப் போவதில்லை. அது சொந்த ஊரிலேயே சேர்த்து வைக்கப்பட வேண்டும். ஊரில் இருக்கும் ஏழைகள் வந்து வயிறார உண்ண வேண்டும். நகரத்தில் கொண்டாடப் பணம் சேர்க்கக் கற்றுக்கொடுத்த அதே சட்டம், அந்தப் பணம் ஊரை விட்டு வெளியே போகாத ஒரு முறையையும் ஏற்படுத்தியது.

இந்தப் பகுதியை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்.

நாம் வாழ்வது கிறிஸ்தவர்கள் மிகச் சிலராய் இருக்கும் வட்டாரம். நாகர்கோவில் பக்கத்திலோ திருநெல்வேலிச் சீமையிலோ ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடும் கிராமங்கள் உண்டு. அங்கே இருபது வாலிபர்கள் வெளியூர் போனாலும் பண்டிகையின் ஆரவாரம் குறையாது. நம் நிலை வேறு. கீத பவனியில் நடந்து வருகிறவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். கித்தார் வாசிக்கிறவர் ஒருவர், கீபோர்டு வாசிக்கிறவர் ஒருவர், ஒலிபெருக்கியைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவர் இருவர். அதில் நான்கு பேர் பெங்களூருக்குப் போய்விட்டால், மிஞ்சுகிறவர்கள் முதியோரும் சிறுபிள்ளைகளும்தான். நகரத்துப் பெரிய ஆலயத்தில் ஒருவர் வராததை யாரும் கவனிப்பதில்லை. இங்கே ஒருவர் உட்காரும் இடம் காலியாக இருந்தால் ஆராதனை முடியும்வரை எல்லோர் கண்ணும் அங்கே போய் வரும்.

அந்தக் காலி இடங்களைப் பார்த்து அதிகம் நோகிறவர்கள் யார் தெரியுமா? தங்கள் வீட்டில் தாங்கள் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருப்பவர்கள். நம் சபையில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலையில் புதுத்துணி எடுத்துக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. பலகாரம் சுடுகிறவர்களும் இல்லை. ஆராதனை முடிந்து திரும்பினால் வீட்டில் அது மற்றொரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோதான். அவர்களுக்குப் பண்டிகை என்பது சபையார் கைகொடுத்து வாழ்த்துகிற அந்த அரைமணி நேரம். பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில் வேலையாகிவிட்ட பெற்றோரும் அப்படித்தான். மகன் வரவில்லை என்றாலும், மகன் வயதுள்ள பையன்கள் கீத பவனியில் வாசலுக்கு வந்து பாடிவிட்டு ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள் என்று நள்ளிரவுவரை விளக்கை அணைக்காமல் இருக்கிறார்கள். நம்முடைய லேவியனும் விதவையும் இவர்களே. ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு நான் காட்ட விரும்புவது இந்த விளக்கு எரியும் வாசல்களை.

நம் அயலாரைச் சற்றுக் கவனியுங்கள். மாரியம்மன் பண்டிகை சாட்டிவிட்டால் பெங்களூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை செய்கிறவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்று ஊரில் இல்லாவிட்டால் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பொருள் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் ஊருக்கு வரும் அதே தொப்பூர்ச் சாலையில் நம் பிள்ளைகள் பண்டிகைக்காக எதிர்த்திசையில் போகிறார்கள். நம் வழிபாடும் நம்பிக்கையும் வேறு. ஆனால் பண்டிகை நாளில் ஒருவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

உங்கள் பயணக் கூட்டத்தில் பாதிப்பேர் இந்து நண்பர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் நீங்கள் உண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு உங்கள் கிறிஸ்துமஸாக நீங்கள் காட்டப்போவது எதை? கடைக்காரர்கள் கட்டிய மின்விளக்கையா? சர்ச் தெருவின் மேற்கு முனைக்கு அருகே பரிசுத்த மாற்கு பேராலயம் நிற்கிறது. 1816இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம். தேவாலயத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் இரவில் தோளோடு தோள் உரச நடக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த வளாகத்துக்குள் நுழைகிறார்கள் என்று நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். அதைவிட, அந்த நண்பர்களை இருபத்தைந்தாம் தேதி மதியம் உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள். உங்கள் தாயார் பரிமாறும் சாப்பாட்டை உண்டு, உங்கள் தகப்பனார் செய்யும் ஜெபத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் எல்லோரும் சேர்ந்து புறப்படுங்கள். அவர்கள் ஒருபோதும் அதை மறக்கமாட்டார்கள்.

பிறப்பின் வரலாற்றிலேயே இப்படி ஒரு தவறான திசை உண்டு. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நேராகப் போனது எருசலேமுக்கு. ராஜா பிறந்திருந்தால் தலைநகரத்தில்தானே பிறந்திருப்பார்! அங்கே அரண்மனை இருந்தது, வேதபாரகர் இருந்தார்கள், தீர்க்கதரிசனச் சுருளைப் புரட்டிச் சரியான ஊர்ப்பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைதான் அங்கே இல்லை. அவர் இருந்த பெத்லகேம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஏறத்தாழ நமக்கும் ராசிபுரத்துக்கும் உள்ள தூரம். இடத்தைச் சரியாகச் சொன்ன வேதபாரகர் ஒருவரும் அங்கே போனதாக மத்தேயு எழுதவில்லை. நகரத்தை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். சாஸ்திரிகள் எருசலேமுக்குப் போகாமல் இருந்திருந்தால் வழியே தெரிந்திருக்காது. நகரத்தில் வழி கேட்டுக்கொண்டு, பிறகு ஊருக்குப் போய்ப் பணிந்தார்கள்.

லூக்கா 2ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி இதைவிட நமக்கு நெருக்கமானது. கிறிஸ்துமஸ் பிரசங்கங்கள் மேய்ப்பரோடு முடிந்துவிடுவதால் அது நம் காதில் அதிகம் விழுவதில்லை. இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. பஸ்காவுக்கு நாசரேத்தார் எருசலேமுக்குப் போகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை, மூன்று நான்கு நாள் வழி. அது நண்பர்களும் சுற்றத்தாரும் சேர்ந்து போன பண்டிகைக்கால நகரப் பயணம் அல்லாமல் வேறென்ன? பண்டிகை முடிந்து திரும்புகையில் ஒரு முழு நாள் நடந்த பிறகே பிள்ளை இல்லை என்பது தெரிகிறது. கூட்டத்தில் யாரோடாவது இருப்பான் என்று யோசேப்பும் மரியாளும் நினைத்துவிட்டார்கள். பிறகு உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் தேடி, எருசலேமுக்கே திரும்பி, மூன்றாம் நாளில் தேவாலயத்தில் காண்கிறார்கள்.

அவர்கள் தேவபக்தியில்லாத பெற்றோர் அல்லர். கெட்ட இடத்துக்கும் போகவில்லை. ஒவ்வொருவரும் ‘அவர் நம் கூட்டத்தில் எங்காவது இருப்பார்’ என்று எண்ணிக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவே. வாலிபர்களின் பயணத்தில் நான் அஞ்சுவதும் இதையே. மதுக்கடையைப் பற்றிய அச்சம் பெற்றோருக்கு இருக்கிறது. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எட்டுப் பேர் போகிற வண்டியில், ஞாயிறு ஆராதனைக்கு ஓர் ஆலயத்தை இன்னொருவன் விசாரித்திருப்பான் என்று எட்டுப் பேரும் நினைத்துக்கொள்வதே என் அச்சம். பெங்களூரிலும் சென்னையிலும் தமிழ் ஆராதனை நடக்கும் சபைகளுக்குக் குறைவில்லை. போகிற நகரத்தின் உணவகங்களை விசாரிக்கும்போதே ஆராதனை நேரத்தையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பண்டிகை வாரத்தில் தனியார் பேருந்துக் கட்டணமும் அறை வாடகையும் ஏறுவது எல்லோரும் அறிந்ததே. நண்பர் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வருமானம் இல்லை. ஒருவன் தொழில்நுட்ப நிறுவனத்தில் சம்பாதிக்கிறான். இன்னொருவன் ஜவ்வரிசி ஆலையில் கூலிக்குப் போகிறான், அல்லது தகப்பனோடு மரவள்ளிக் காட்டில் நிற்கிறான். டிசம்பரில் மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அறுவடை முடிந்து, வேகவைத்து, காயவைத்து, செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு மூட்டை போய்ச் சேர்ந்த பிறகுதான் விவசாயி வீட்டில் காசு புழங்கும். தலைக்கு இவ்வளவு என்று குழுவில் ஒரு தொகை அறிவிக்கப்பட்டவுடன், ‘எனக்கு அன்னைக்கு வேலை இருக்குது’ என்று ஒருவன் பதில் போட்டால், வேலை இருக்கிறதா, காசு இல்லையா என்று சற்று யோசியுங்கள். சிலர் அப்படியும் சொல்லாமல், கைப்பேசிச் செயலியில் கடன் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் சிரிப்புக்கு ஆறு மாதத் தவணை. உபாகமத்தில் எடுத்து வைத்த பணத்தோடு போகச் சொல்லியிருக்கிறது. கடன் வாங்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. தொகையைத் தீர்மானிக்கும்போது கூட்டத்தில் குறைவாகச் சம்பாதிக்கிறவனை முதலில் கேளுங்கள். அவனால் முடிகிற தொகையே எல்லோருக்கும் தொகை. பெங்களூரு எட்டாவிட்டால் ஏற்காடு இருக்கிறது.

நள்ளிரவு ஆராதனையை முடித்துக்கொண்டு அப்படியே வாடகைக் காரில் புறப்படலாம் என்றும் சிலர் திட்டமிடுகிறார்கள். ஆராதனையையும் விடவில்லை, பயணமும் ஆயிற்று என்ற கணக்கு. இதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். பகலெல்லாம் ஆலயத்தில் தோரணம் கட்டி, முன்னிரவில் தெருத்தெருவாகப் பாடி, தூக்கமில்லாத கண்ணோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் ஏறுகிற நேரம் விடியலுக்கு முந்தைய நேரம். அந்த இறக்கத்திலும் வளைவிலும் எத்தனை லாரிகள் கட்டுப்பாடு இழந்து எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன என்று நம் மாவட்டத்தில் செய்தித்தாள் வாசிக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடக்க ஆராதனைகளை நடத்துகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இடையே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் கேட்டால் ‘போய்ட்டு வா கண்ணு’ என்றும், மகள் கேட்டால் ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஊர் சுத்தறது’ என்றும் சொல்கிற வீடுகள் நம் சபையிலும் இருக்கின்றன. பாதுகாப்பை எண்ணி விதி வைப்பது சரி. அதே விதியை மகனுக்கும் வையுங்கள்.

நம் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் வசதியான வீட்டில் பிறந்த ஈவ்லின் பிராண்ட் அம்மையாரும் அவர் கணவர் ஜெஸி பிராண்ட் ஐயரும் அந்த மலையில் வாழ்ந்தார்கள். தொழுநோய் மருத்துவத்தில் பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914இல் அவர்களுக்குப் பிறந்தவர். 1929இல் காய்ச்சலால் கணவர் மலையிலேயே இறந்தார். அதற்குப் பிறகும் அம்மையார் இந்த மலைநாட்டை விடவில்லை. ஓய்வுபெறும் வயது கடந்த பின்னும் மலைக்கே திரும்பினார். 1974 டிசம்பரில் தமது 95ஆம் வயதில் மறைந்தார். லண்டனில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர், மலைக் குடிசைகளுக்கு நடுவே எத்தனை கிறிஸ்துமஸைக் கழித்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எல்லோரும் அப்படி வாழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றரை நாள்.

ஏனெனில் பண்டிகை இருபத்தைந்தாம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. திருச்சபை ஆண்டில் அது பன்னிரண்டு நாள் நீளும் காலம். சாஸ்திரிகளின் வருகையை நினைக்கும் ஜனவரி 6வரை அது நம்மை நடத்திச் செல்கிறது. டிசம்பர் 26 ஸ்தேவானின் நாள், 27 யோவானின் நாள், 28 ஏரோது கொன்ற குழந்தைகளை நினைவுகூரும் நாள். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறையும் அந்த நாட்களில் இருக்கிறது. பெங்களூரின் மின்விளக்குகளும் புத்தாண்டு முடியும்வரை எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒருவரும் அணைத்துவிடமாட்டார்கள்.

ஆகவே என் யோசனை இது. இருபத்துநான்கும் இருபத்தைந்தும் ஊரில் இருங்கள். இருபத்தாறாம் தேதிக்குச் சீட்டு எடுங்கள். அதற்கான முன்பதிவு அக்டோபர் 27இல் திறக்கும். வாலிபர் ஐக்கியம் விரும்பினால் உபாகமத்தின் மூன்றாண்டு முறையையும் கைக்கொள்ளலாம்: இரண்டு ஆண்டுகள் பயணம், மூன்றாம் ஆண்டு அந்தப் பணத்தில் ஊரிலேயே ஒரு விருந்து. தனித்திருக்கும் முதியோரையும், வீட்டில் ஒருவராய் விசுவாசிக்கிறவர்களையும், தெருவில் நம் அயலாரையும் பந்தியில் உட்காரவைத்து நீங்களே பரிமாறுங்கள். எந்த ஆண்டில் தொடங்குவது என்பதை வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் உட்கார்ந்து பேசுவோம். மறுப்பு உள்ளவர்களும் வாருங்கள். அவர்கள் சொல்வதையும் நான் கேட்க வேண்டும்.

டிசம்பர் 26 காலை ஐந்தரை மணிக்கு ஆலயக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். ராசிபுரம் பேருந்துக்குப் போகிறவர்கள் பைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். சங்கீதம் 121ஐச் சேர்ந்து வாசித்து, ஜெபித்து, உங்களை அனுப்பிவைக்கிறேன். திரும்பி வரும் நாளையும் அங்கேயே சொல்லிவிட்டுப் போங்கள்.